வியன்னாவில் ஒரு சாமத்திய வீடு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீடியோவிலிருந்து வந்தது. நீங்களும் அந்த வீடியோவில் இருக்கிறீர்கள்.

1994ஆம் ஆண்டு, இத்தாலியின் பலேர்மோ நகரம், கால்சாப் பகுதியில் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்டபம். என்னுடைய சாமத்திய வீடு, அதாவது பூப்புச் சடங்கு. எனக்குப் பதினைந்து வயது. சிவப்புக் கூறை மாதிரி ஒரு சேலையில், அலங்கரித்த கதிரையில் இருக்கிறேன். மூலையில் நின்ற புனிதையின் சிலையை அசைக்க முடியாது என்று பாதர் சொல்லிவிட்டதால் அதற்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். நீங்கள் பூத்தட்டோடு வந்தீர்கள். ஆராத்தி எடுத்தீர்கள். பந்தியில் இரண்டாம் தரம் பாயாசம் கேட்டவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். இராஜநாயகம் அண்ணை எல்லாவற்றையும் படம்பிடித்து, என் தலையைச் சுற்றி ரோசாப் பூக்கள் பறக்கிற மாதிரிச் செய்து கொடுத்தார். பாரிஸுக்கு ஒன்று, ரொறன்ரோவுக்கு ஒன்று, கொழும்பு வழியாக ஊருக்கு ஒன்று என்று பிரதிகள் போயின.

நான் அன்று பெரியபிள்ளை ஆகியிருக்கவில்லை.

இந்த வசனத்தை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அப்பா இந்தக் கட்டடத்தின் வாசல்காவலர். வாசலோடு ஒட்டிய இரண்டு அறையும் இந்தக் குசினியும்தான் எங்கள் வீடு. அம்மாவும் அப்பாவும் படுத்துவிட்டார்கள். படியில் யாராவது ஏறினால் கொப்பியை மூடுகிறேன், என்னவோ நான் களவெடுக்கிற மாதிரி.

அந்த வசனத்தை அழிக்கவில்லை. இந்தக் கதையில் எதையும் அழிப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். பிழையாகப் போன தொடக்கங்களும் பாதியில் விட்ட வசனங்களும் கிடந்தபடி கிடக்கட்டும். ஒரு விஷயத்தின் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அது வரும்போது சொல்கிறேன்.

2

எங்கள் பலேர்மோத் தமிழர்களின் கலைவிழா மலருக்குக் கதை கேட்டவர் கோபாலசிங்கம் மாஸ்ரர். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எனக்கு எழுத்துப் படிப்பித்தவர் அவர்தான்.

"நீர் லிச்சேயோப் பள்ளிக்கூடத்திலை கடைசி வருசம். வாசிக்கிற பிள்ளை. ஒரு கதை தாரும்," என்றார். "ஆனால் ஒண்டு, குடும்பமாய் இருந்து வாசிக்கக்கூடியதாய் இருக்கவேணும்."

"ஓம் சேர்," என்றேன். குடும்பத்தைப் பற்றித்தானே எழுதப்போகிறேன், ஆகவே அது பொய்யில்லை.

எங்களைப் பற்றி நேராக எழுதப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் அப்போது ஜெர்மன் ரீச்சர் 1900ஐ ஒட்டிய வியன்னாவைப் படிப்பித்துக்கொண்டிருந்தார். ஆண் என்றால் என்ன, பெண் என்றால் என்ன, ஒழுக்கம் யாருடைய சொத்து என்று ஒரு நகரம் முழுக்கச் சண்டை பிடித்த காலம். அந்த நகரத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ஹெட்விக் என்று ஒரு பெண்ணை உண்டாக்கினேன்.

முதலாவது தொடக்கம்:

வியன்னா, 1905. தபால் அதிகாரி ஒருவரின் மகளான ஹெட்விக், முற்றத்து எலுமிச்சை மரத்தின் கீழே தன் தாய் தன்னைப் பற்றிப் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு

இதையும் இதற்கென்று எழுதி வைத்த குறிப்புகளையும் யூலியானாவிடம் காட்டினேன். யூலியானா மன்னார்ப் பிள்ளை, வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருப்பவள். அவர்கள் வீடு போர்கோ வெக்கியோவில், சந்தைக்கு நேர் மேலே. அம்மாவையும் என்னைச் சோதித்த டாக்டரையும் விட்டால் என் விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"வியன்னாவிலை எலுமிச்சை முற்றத்திலை நிக்குமோடி? பனிக்குச் செத்துப்போகும்," என்றாள்.

"அப்ப என்ன மரம் வைக்கிறது?"

"மரமே வேண்டாம். உன்ரை ஹெட்விக் கால்சாவிலை மீன் வாங்கப் போறவள் மாதிரி நடக்கிறாள். போதாததுக்கு வாசல்லை செருப்பைக் கழட்டிறாள். அங்கத்தையாள் சப்பாத்தோடைதான் உள்ளுக்கு வருவினம்."

"உனக்கென்னெண்டு தெரியும்?"

"எங்கடை அம்மா வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோரா கட்டில் வரைக்கும் சப்பாத்தோடைதானே போறா. வியன்னாச் சிஞ்ஞோரா மட்டும் கால் கழுவிக்கொண்டே வருவா?"

மரத்தை வெட்டினேன். இரண்டாவது தொடக்கம்:

ஹெட்விக்கின் முதல் நடனவிருந்துக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று. அந்தச் சட்டையை அவள் போடத் தகுதியில்லாதவள் என்பது அவள் தாய்க்கு மட்டும்

"தகுதி" என்ற சொல்லைப் பார்த்ததும் நிறுத்தினேன். அந்தச் சொல்லை நான் எங்கிருந்து எடுத்தேன்?

(நடனவிருந்து பற்றி மாமிமாருக்கு ஒரு குறிப்பு. அந்தக் காலத்து வியன்னாவில் வசதியான வீட்டுப் பெண்களுக்குக் குறிப்பிட்ட வயது வந்ததும் வெள்ளை உடுத்தி மண்டபத்துக்குக் கூட்டிப்போவார்கள். "எங்கள் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், வந்து பாருங்கள்" என்பதுதான் அதன் கருத்து. எங்கள் மண்டபத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பலகாரம் மட்டும். அதே வீட்டுப் பையன்கள் இரவில் எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரே நகரத்தில் இரண்டு ஒழுக்கம் இருந்தது என்று ரீச்சர் சொன்னார். யூலியானா என் கையில் கிள்ளினாள்.)

3

ஒரு நாள் ரீச்சர் அந்த நகரத்து இளைஞன் ஒருவனைப் பற்றிச் சொன்னார். எங்களைவிடச் சில வயதுதான் மூத்தவன், தடித்த புத்தகம் எழுதியவன். அவன் பெயரை எழுதப்போவதில்லை. உலகத்தில் முழு ஆண் என்றும் முழுப் பெண் என்றும் ஒருவரும் கிடையாது என்று அவன் எழுதினானாம். ஒவ்வொரு மனிதரும் இரண்டும் கலந்த கலவை, அளவுதான் வேறு.

எனக்குக் காது சூடாகியது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளினிக்கிலிருந்து வந்த நாளிலிருந்து நான் ஒரு பிழையான பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் ஒரு அளவுதான் என்று ஒருவன் எழுதியிருக்கிறான். அவன் உயிரோடு இருந்திருந்தால் கடிதம் போட்டிருப்பேன்.

ரீச்சர் பக்கத்தைத் திருப்பினார். அதே புத்தகத்தில் அதே பையன், பெண்ணுக்கும் உண்மைக்கும் தொடர்பே இல்லை, ஆகவே ஒழுக்கம் என்பதும் அவளுக்குக் கிடையாது என்கிறான். கலவை என்று கதவைத் திறந்துவிட்டு, பெண்ணை மட்டும் வெளியே தள்ளிப் பூட்டிவிட்டான்.

"இவருக்குத் தாய் இல்லையோ?" என்று யூலியானா என் காதுக்குள் கேட்டாள்.

எனக்குத் தாய் இருந்தாள். அவள்தான் பொய் சொன்னவள். அன்று முழுக்க அதையே யோசித்தேன். அம்மா பெண் என்பதால் பொய் சொன்னாளா? எனக்குப் பதின்மூன்று வயதிலிருந்து, கோயில் பூசையில், கலியாண வீட்டில், பஸ் தரிப்பில்கூட, அம்மாவிடம் "அம்பிகை, உங்கடை மகள் இன்னும் ஆகேல்லையோ?" என்று கேட்டவர்கள் யார்? "பொடியன் மாதிரி நெடுத்துக்கொண்டு போறாள்" என்று சிரித்தவர்கள் யார்? ஒரு வீட்டுப் பெண்ணின் உடம்பில் என்ன நடந்தது என்று கேட்பது உங்களுக்குச் சுகம் விசாரிக்கிற மாதிரி. அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்ல அம்மாவுக்கு வாய் இல்லாமல் போனது. அந்தப் பையன் கேள்வி கேட்டவர்களைப் பற்றி ஒரு அத்தியாயமும் எழுதவில்லை.

4

ஹெட்விக்கை இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கவைக்கிறேன், ஏனென்றால் உண்மையில் என்ன பிரச்சினை என்பதை இன்னும் சொல்லவில்லை.

மாசியில் ரொறன்ரோவிலிருந்து சம்பந்தம் வந்தது. பெயர் சுஜன். அச்சகத்தில் வேலை, பின்னேரத்தில் படிப்பு. அவருடைய மாமி என்னைப் பார்த்தது அந்த வீடியோவில்தான். ஆவணியில் வந்து நிச்சயம் செய்வது, நான் படித்து முடித்த பிறகு கலியாணம் என்று பேச்சு.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு தரம் தொலைபேசியில் கதைத்தோம். மற்றவர்கள் சமைக்கத் தெரியுமா என்று கேட்கும் இடத்தில் அவர், "இப்ப என்ன வாசிக்கிறியள்?" என்று கேட்டார். நான் வியன்னாவைச் சொன்னேன். "அங்கையும் எங்கடை ஆக்கள் போலத்தான் போலை," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு பயம். பிடிக்காத ஒருவராக இருந்தால் ஏமாற்றாமலேயே ஓடியிருப்பேன்.

எனக்குப் பதினேழு வயதானபோது அம்மா என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். ஒரு பெண் டாக்டர். ஸ்கான் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். பிறகு டாக்டர் என்னைப் பார்த்து, அம்மாவுக்குப் புரியும்படி மெதுவான இத்தாலியனில் சொன்னார்:

[இங்கே டாக்டர் சொன்னது வரவேண்டும்.]

அம்மாவும் நானும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். இறங்கும்போது, "அப்பாவுக்கு இப்ப வேண்டாம்," என்றாள். சம்பந்தம் வந்தபோது, "பிறகு பாப்பம்," என்றாள். எங்கள் வீட்டில் பிறகு என்று ஒரு பெரிய அலுமாரி இருக்கிறது.

5

வியன்னாவில் பத்திரிகைக்காரன் ஒருவனும் இருந்தான். பாலியல் குற்றம் என்று வழக்குகள் நடக்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவளை விட்டுவிட்டு, எட்டிப் பார்க்கிற நீதிமன்றத்தையும் ருசித்து எழுதுகிற பத்திரிகைகளையும் திட்டினான். ஒருவருடைய படுக்கையறை பொதுச்சொத்து அல்ல, அதைத் திறந்து காட்டுவதுதான் ஒழுக்கக்கேடு என்று அவன் வாதாடினான்.

இவன் எனக்கு நல்ல வசதியானவன். இவனைப் பிடித்துக்கொண்டால் யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. என் உடம்பு என் வீடு, கதவைச் சாத்தினேன், முடிந்தது. மூன்றாவது தொடக்கத்தை அப்படித்தான் எழுதினேன்:

ஹெட்விக் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுடைய உரிமை. அவள் நடனமாடினாள். மாப்பிள்ளை அவளுடைய கையைப் பிடித்து

இதற்கு மேல் எழுத முடியவில்லை. கையைப் பிடித்தவன் எட்டிப் பார்க்கிறவன் இல்லையே. அவன் உள்ளே வந்து இருக்கப்போகிறவன். பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கலாம். அவனையும் பத்திரிகை வாசகனையும் ஒரே வாசலில் நிறுத்தினால் நான் செய்வதும் ஒரு பறக்கும் ரோசாப் பூதான்.

6

கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா வேலையால் வந்து, காலை ஒரு ஸ்ரூலில் தூக்கி வைத்துக்கொண்டு கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வியன்னாவிலை எங்கடை ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டாள்.

"இது பழைய காலத்துக் கதை அம்மா. கேளுங்கோவன்."

ஹெட்விக், வெள்ளைச் சட்டை, தாய், நடனவிருந்து எல்லாவற்றையும் வாசித்தேன். அம்மா முட்டாள் இல்லை. வெள்ளைச் சட்டை வந்ததுமே கத்தி மெதுவானது. முடியும்வரை பொறுத்திருந்தாள்.

"அந்தத் தாயைக் கூடாதவளாய் எழுதிப்போட்டாய்," என்றாள்.

"அவ பொய் சொன்னவதானே."

"ஓம். ஏன் சொன்னவள் எண்டு எங்கை எழுதிக் கிடக்கு?"

"ஊர் கதைக்கும் எண்டு பயந்து."

"ஊர் கதைக்கும் எண்டதுக்கு மட்டும் ஒருத்தி மண்டபம் பிடிச்சு, ஊரைக் கூட்டி, உவ்வளவு பெரிசாய்ச் செய்வாளோ? வருத்தம் எண்டு சொல்லி உன்னை ஒளிச்சு வைச்சிருக்கலாமே."

"அப்ப ஏன்?"

அம்மா கத்தரிக்காய்த் துண்டுகளைத் தண்ணீருக்குள் தள்ளினாள். "மழை இல்லாட்டில் ஊரிலை கொடும்பாவி கட்டி இழுக்கிறவை. ஏன் இழுக்கிறது? இழுத்தால் வரும் எண்டுதானே. செய்தால் வந்திடும் எண்டு நினைச்சன் பிள்ளை. விளக்கு வைச்சு, நிறைகுடம் வைச்சு, அத்தினை சனம் வாழ்த்தினால் உடம்பு கேட்கும் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் உன்ரை உடுப்பைத் தோய்க்கேக்கை பாத்தன். மிசினுக்குப் போடமுதல் ஒவ்வொண்டாய்ப் பாத்தன்."

ஹெட்விக்கின் தாய் அந்த இடத்திலேயே கதையை விட்டு எழுந்து போய்விட்டாள். என் அம்மாதான் மிச்சம் இருந்தாள். அவள் ஊரை ஏமாற்றியது எனக்குத் தெரியும். நம்பினாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கதையில் நான் விட்ட பெரிய பிழை அதுதான்.

"சுஜனுக்குச் சொல்லப்போறன் அம்மா."

"அந்தப் பிள்ளை வேண்டாம் எண்டால்?"

"எண்டட்டும்."

"பிறகு சனம் கேக்கும், ஏன் குழம்பினது எண்டு."

"கேக்கமுதல் நான் எழுதிப்போடுறன்."

"என்னெண்டு?"

"சாமத்திய வீடு பொய்யெண்டு."

அம்மா மிச்சக் கத்தரிக்காயையும் வெட்டித் தண்ணீருக்குள் போட்டாள். கத்தரிக்காய்த் தண்ணீர் கறுத்துப்போனது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"அப்பாவுக்கு நான் சொல்லுறன். அது நான் செய்தது. ரொறன்ரோவுக்கு நீ சொல்லு." அடுப்பை மூட்டிவிட்டுத் திரும்பினாள். "எழுதுறதெண்டால் அந்தத் தாயை ஒழுங்காய் எழுது. வியன்னா கியன்னா எண்டு ஒளிக்காதை. என்ரை பேரையே போடு."

போட்டிருக்கிறேன். அம்பிகை, தில்லையம்பலத்தின் மனைவி, என் தாய். அப்பாவிடம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகும்போது அப்பா வாசல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். "பிள்ளை, குடை கொண்டு போறியே?" என்றார். வானத்தில் ஒரு முகில் கிடையாது. குடையைக் கொண்டு போனேன்.

7

ஹெட்விக்குக்கு நான் யோசித்த முடிவுகள் வருமாறு.

அவள் டான்யூப் ஆற்றில் குதிக்கிறாள். அந்தக் காலத்துக் கதைகளில் பெண்கள் இப்படி நிறையச் செத்திருக்கிறார்கள். எனக்கு அந்த முடிவில் கோபம் வந்தது. குதித்த பிறகு, அவளுக்கு நீந்தத் தெரியும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அவள் மறுகரையில் ஏறி உடுப்பைப் பிழிந்துகொண்டு போகிறாள்.

ஒரு நல்ல டாக்டர் மருந்து கொடுக்கிறார், எல்லாம் சரிவருகிறது. இதை எழுதும்போது ஆசையாக இருந்தது. இரண்டு பக்கம் எழுதினேன். அந்த இரண்டு பக்கத்திலும் ஹெட்விக் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதைப் பிறகுதான் கண்டேன்.

மூன்றாவது முடிவு வியன்னாவில் நடக்கவில்லை.

8

போர்கோ வெக்கியோ சந்தை முடிகிற மூலையில் ஒரு தொலைபேசிக் கூண்டு இருக்கிறது. வீட்டிலிருந்து எடுத்தால் அம்மா பக்கத்தில் நிற்பாள், நான் அவளுக்காக வார்த்தைகளை மெத்தையாக்குவேன். ஆகவே அங்கே போனேன். யூலியானா வெளியே காவல். மோட்டோரினோ ஸ்கூட்டரில் வந்து "கெதியாய் முடி" என்று சத்தம் போட்ட பையனுக்கு அவள் சிசிலியன் மொழியில் கொடுத்த பதிலை மலரில் எழுத முடியாது.

"ஹலோ?"

"நான் சாம்பவி. பலேர்மோவிலையிருந்து."

"வேறை எந்தச் சாம்பவி எனக்கு எடுக்கப்போறா? என்ன அதிசயம், இண்டைக்கு நீங்களாய் எடுத்திருக்கிறியள்."

"ஒரு விசயம் கதைக்கவேணும்."

"கதையுங்கோ. அதுக்கு முதல் நான் ஒண்டு கேக்கட்டே? மாமி வீட்டை உங்கடை வீடியோவைத் திரும்பவும் போட்டவை. முழுக்கப் பாத்தன். நீங்கள் ஒரு இடத்திலையும் சிரிக்கேல்லை. தலைக்கு மேலை அவ்வளவு பூப் பறக்குது, நீங்கள் முறைச்சுக்கொண்டு இருக்கிறியள். ஆரோடை கோவம்?"

நான் ஒத்திகை பார்த்த முன்னுரை முழுவதும் அந்த இடத்தில் பிரயோசனமில்லாமல் போனது. அத்தனை பேர் பார்த்த வீடியோவில் இதைக் கவனித்துக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"அந்தச் சடங்கு பொய்," என்றேன்.

"விளங்கேல்லை."

"நான் அப்ப பெரியபிள்ளை ஆகேல்லை. இப்பவும் இல்லை. இனியும் இல்லை. டாக்டர் சொன்னதை அப்பிடியே சொல்லுறன். நடுவிலை ஒண்டும் கேக்காதேங்கோ, பிறகு என்னாலை சொல்லேலாமல் போகும்."

அங்கே பின்னால் ஓடிக்கொண்டிருந்த டீவி நின்றது. ஒரு கதிரை இழுபட்டது.

"சொல்லுங்கோ," என்றார்.

சொன்னேன்.

[                    ]

9

இந்த அடைப்புக்குறிக்குள் என்ன இருந்தது, அதற்கு அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் இப்போது கேட்கிறீர்கள். ஆம்பிளையோ பொம்பிளையோ, கலியாணம் நடக்குமோ நடக்காதோ. எனக்குக் கேட்கிறது. பதின்மூன்று வயதிலிருந்து கேட்டுப் பழகிய குரல்.

வியன்னாவைப் பற்றி ரீச்சர் சொன்னதில் ஒன்றைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன். அங்கே ஒரு புகழ்பெற்ற டாக்டரிடம் ஒரு பெண்ணைக் கூட்டிப்போனார்கள். என் வயது. அவர் அவளைக் கதைக்கவைத்துக் கேட்டார். அவள் சொன்னவற்றுக்கெல்லாம், நீ நினைப்பது அது அல்ல, இது என்று விளக்கம் சொன்னார். ஒரு நாள் அவள், இன்றைக்குத்தான் கடைசி, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவர் அவளுடைய பெயரை மாற்றி, அவளைப் பற்றி எழுதி வெளியிட்டார். உலகம் முழுக்க வாசித்தது. ஆனால் அது முடிவு இல்லாத துண்டாகவே நின்றது. முடிவு அவளோடு எழுந்து போய்விட்டது.

வகுப்பில் எல்லோரும் டாக்டரைப் பற்றிக் குறிப்பெடுத்தார்கள். நான் அவள் கதவைச் சாத்திய சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே என் தீர்ப்பு இது. சடங்கு உங்கள் முன்னால் நடந்தது. நீங்கள் வாழ்த்தினீர்கள், பூப் போட்டீர்கள். அது பொய் என்று அறிய உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதைத் தந்துவிட்டேன். என் உடம்பு உங்கள் முன்னால் நடக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பதைச் சுஜனிடம் சொல்லவேண்டியிருந்தது, சொன்னேன். அவர் சொன்ன பதில் அவருக்கும் எனக்கும் உரியது. ஆவணியில் யாராவது வந்தாலும் வராவிட்டாலும் அதிலிருந்து ஒன்றையும் கண்டுபிடிக்காதீர்கள். விமானம் பிந்துவதற்கு ஆயிரம் காரணம் உண்டு.

கோபாலசிங்கம் மாஸ்ரர் இதுவரை எழுதிய கதையை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேரை மாத்திப் போடுவமே பிள்ளை? உம்மடை நன்மைக்குத்தான்," என்றார். வேண்டாம் என்றேன். "உதைக் குடும்பமாய் இருந்து வாசிக்கலாமோ?" என்று கேட்டார். "வாசிச்சுப் பாக்கட்டும் சேர்," என்றேன்.

பயம் போகவில்லை. இதை எழுதி முடிக்கும்போதும் போகவில்லை. பயத்தோடும் வருவேன்.

மலர் வெளியீடு கால்சாவில், அதே மண்டபத்தில். அம்மாவும் அப்பாவும் நானும் முன்வரிசையில் இருப்போம். உங்களில் யாரோ ஒருவருடைய மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது இருக்கும். அவளும் வருவாள். அவளைக் கண்டதும் நீங்கள் அவளுடைய தாயிடம் என்ன கேட்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் கதையின் முடிவு அந்த இடத்தில் இருக்கிறது, உங்கள் வாயில்.

இராஜநாயகம் அண்ணை வழமைபோல வீடியோ எடுப்பார். அண்ணை, இந்த முறை பூ வேண்டாம்.